ஓர் எழுத்து மாறிய முகவரி: டொமைன் பெயர் தகராறில் வணிகர் செய்ய வேண்டியவை

கடலூர் என்று தமிழில் எழுத ஒரே வழிதான் உண்டு. ஆங்கில எழுத்தில் அப்படியில்லை. ரயில் நிலையப் பலகையில் இருப்பது ‘சி, யு’ என்று தொடங்கி ‘ஓ, ஆர், ஈ’ என்று முடியும் கும்பினிக் காலத்து எழுத்துக்கூட்டல். காதால் கேட்டபடி எழுதுகிறவர் ‘கே, ஏ’ என்று தொடங்குவார். முடிவில் ஒருவர் ‘யு, ஆர்’ போடுவார், இன்னொருவர் ‘ஓ, ஓ, ஆர்’ போடுவார். சிதம்பரத்தைச் சிலர் ‘சி, ஹெச்’ என்று தொடங்குகிறார்கள், சிலர் ‘எஸ்’ என்று தொடங்குகிறார்கள். 2020-இல் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளியிட்டது. ஜூன் மாதம் அது மக்கள் பார்வைக்கு வந்தபோது பலத்த விவாதம் எழுந்தது. அதே மாதத்தில் அரசு ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஊர்ப் பெயருக்கே இந்த நிலை என்றால் கடைப் பெயருக்குச் சொல்லவே வேண்டாம். பண்ருட்டி முந்திரி வியாபாரி, சிதம்பரம் சன்னதித் தெருவில் விடுதி நடத்துபவர், பிச்சாவரத்துக்குச் சுற்றுலா அழைத்துச் செல்பவர் என யாராக இருந்தாலும், அவர்களுடைய வாடிக்கையாளர் அந்தப் பெயரை ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாகத் தட்டச்சு செய்வார். அவற்றில் ஒன்றை வேறொருவர் டொமைனாகப் பதிவு செய்து வைத்திருந்தால் வாடிக்கையாளர் அங்கே போய்ச் சேருவார். இந்த அத்தியாயம் அந்தச் சிக்கலைப் பற்றியது.

முதலில் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். இத்தகைய தகராறுகளில் நீதிபதியோ நடுவரோ எழுத்துகளை எண்ணிப் பார்த்து மட்டும் தீர்ப்புச் சொல்வதில்லை. பெயரை யார் முதலில் பயன்படுத்தினார், மக்கள் அந்தப் பெயரை யாரோடு சேர்த்து நினைக்கிறார்கள், எதிராளி எந்த எண்ணத்தில் பதிவு செய்தார் என்ற மூன்றையும் பார்க்கிறார்கள். இந்த மூன்றுக்கும் காகிதச் சான்று வைத்திருப்பவர் வெல்கிறார்.

சிஃபி வழக்கு கற்றுத்தந்தவை

இந்தியாவில் டொமைன் பெயருக்கென்று தனிச் சட்டம் இல்லை. இருக்கும் சட்டத்தை இத்தகராறுகளுக்கு எப்படிப் பொருத்துவது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிய வழக்கு நம் மாநிலத்தோடு தொடர்புள்ளது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இணைய சேவை வழங்கிய சத்யம் இன்ஃபோவே நிறுவனம், தன் பெயரின் பகுதிகளைச் சேர்த்து ‘சிஃபி’ என்ற சொல்லை உருவாக்கியது. எஸ், ஐ, எஃப், ஒய் என்ற நான்கே எழுத்து. அந்தச் சொல்லை வைத்து 1999-இல் சிஃபிநெட், சிஃபிமால் போன்ற டொமைன்களைப் பதிவு செய்தது. 2001-இல் பெங்களூரு நிறுவனம் ஒன்று இன்னொரு ‘எஃப்’ சேர்த்து, ‘சிஃபிநெட்’ என்ற பெயரில் வணிகம் தொடங்கியது; டாட் காம், டாட் நெட் இரண்டிலும் அதைப் பதிவு செய்தது.

பெங்களூரு நகர உரிமையியல் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. இரு நிறுவனங்களின் தொழிலும் வேறு, மக்கள் குழம்ப மாட்டார்கள், தடை விதித்தால் எதிர்த்தரப்புக்கே நஷ்டம் அதிகம் என்பன உயர் நீதிமன்றம் சொன்ன காரணங்கள். 2004 மே 6 அன்று நீதிபதிகள் ரூமா பால், பி. வெங்கடராம ரெட்டி ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு கீழ் நீதிமன்றத்தின் தடையை மீண்டும் நிலைநாட்டியது.

அந்தத் தீர்ப்பிலிருந்து சிறு வணிகருக்கு நான்கு செய்திகள் உண்டு.

முதலாவது, டொமைன் பெயர் வெறும் முகவரி இல்லை. வணிகச் சின்னத்துக்குரிய குணங்கள் அதற்கும் உண்டு. ஒரே வணிகச் சின்னத்தை வெவ்வேறு ஊரில், வெவ்வேறு தொழிலில் பலர் வைத்திருக்கலாம். டொமைனை உலகம் முழுவதற்கும் ஒருவர்தான் வைத்திருக்க முடியும். அதனால்தான் தகராறு இத்தனை கடுமையாகிறது.

இரண்டாவது, வணிகச் சின்னம் பதிவாகாமல் இருந்தாலும் பாதுகாப்பு உண்டு. தன் சரக்கைப் பிறருடைய சரக்குபோலக் காட்டி விற்பதைத் தடுக்கும் ‘பாஸிங் ஆஃப்’ வழக்கை யாரும் தொடுக்கலாம். பெயருக்குச் சந்தையில் நற்பெயர் இருக்கிறது, எதிராளியின் செயல் மக்களைக் குழப்பக்கூடியது, அதனால் நஷ்டம் வரும் என்பதைக் காட்ட வேண்டும்.

மூன்றாவது, நற்பெயரை வாய்ச்சொல்லால் நிறுவ முடியாது. சத்யம் இன்ஃபோவே விளம்பரச் செலவு, பத்திரிகைச் செய்திகள், ஆண்டறிக்கை, அமெரிக்க நாஸ்டாக் பங்குச் சந்தைப் பட்டியலில் இடம்பெற்றது என்று சான்றுகளை அடுக்கியது. சிதம்பரம் கடைக்காரருக்கு நாஸ்டாக் தேவையில்லை. ஜிஎஸ்டி பில், கடைப் பலகையின் புகைப்படம், உள்ளூர்ப் பதிப்பில் வந்த விளம்பரம், பொட்டலத்தில் அச்சான பெயர் ஆகியவற்றைத் தேதியோடு வைத்திருந்தால் போதும்.

நான்காவது, பெயர் வைத்த பிறகு கண்டுபிடித்த விளக்கம் எடுபடாது. ஐந்து நிறுவனர்களின் பெயர் முதலெழுத்துகளைச் சேர்த்தே அந்தச் சொல் வந்தது என்று எதிர்த்தரப்பு சொன்னது. நீதிமன்றம் அதை நம்பவில்லை. நீங்கள் எதிர்த்தரப்பில் நிற்க நேர்ந்தாலும் இதே அளவுகோல் உங்களுக்கும் உண்டு. பெயரை எப்படித் தேர்ந்தீர்கள் என்பதற்குத் தொடங்கிய காலத்துச் சான்று இருக்க வேண்டும்.

சிஃபிக்கு முன்பே உயர் நீதிமன்றங்கள் இந்தத் திசையில் நடந்திருந்தன. 1999 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் யாகூவின் பெயரோடு ‘இந்தியா’வைச் சேர்த்துத் தொடங்கிய தளத்துக்குத் தடை விதித்தது. ‘எங்களுக்கும் யாகூ நிறுவனத்துக்கும் தொடர்பில்லை’ என்று தளத்தில் போட்டிருப்பதோ, இணையம் பயன்படுத்துவோர் படித்தவர்கள் என்ற வாதமோ அங்கே உதவவில்லை. அதே ஆண்டு மும்பை உயர் நீதிமன்றத்தில் ரீடிஃப் வழக்கு நடந்தது. ‘ஆர்’ என்ற எழுத்துக்குப் பின் வரும் ‘ஈ’யை ‘ஏ’ என்று மாற்றியதுதான் அங்கே ஒரே வேறுபாடு. ரீடிஃபின் நற்பெயரில் பிழைக்கவே அந்தப் பெயர் எடுக்கப்பட்டது என்று நீதிமன்றம் கண்டு தடை விதித்தது.

எந்தப் பெயருக்கு உரிமை கோர முடியாது?

கோபத்தில் வழக்குப் போடுவதற்கு முன் இதை நிதானமாகப் படியுங்கள்.

ஊர்ப் பெயர் எவருக்கும் தனிச் சொத்தாகாது. 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, சரக்கின் ஊரையோ தன்மையையோ மட்டும் குறிக்கும் சொற்களைப் பதிவு செய்ய மறுக்கிறது. நீண்ட காலப் பயன்பாட்டால் அந்தச் சொல் ஒரே வணிகரைக் குறிப்பதாக மாறியிருந்தால் மட்டுமே விலக்கு உண்டு. ‘சிதம்பரம் கொத்சு’, ‘பண்ருட்டி முந்திரி’, ‘கடலூர் மீன்’ என்ற சொற்களைக் கொண்ட டொமைனை இன்னொருவர் வைத்திருப்பதே குற்றமாகாது. அவரும் அதே ஊரில் அதே தொழிலை நேர்மையாகச் செய்யலாம்.

புனிதப் பெயர்களிலும் கவனம் தேவை. ‘ராமாயண்’ என்ற சொல்லை ஊதுபத்திக்கு வணிகச் சின்னமாக ஒருவர் மட்டும் உரிமை கொண்டாட முடியாது என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நடராஜர் பெயரில் கடை வைத்திருப்போர் சிதம்பரத்தில் ஏராளம். அந்தப் பெயரை மட்டும் நம்பி அடுத்தவர் டொமைனைப் பறிக்க முயல்வது வீண் செலவு.

சொந்தப் பெயரை நேர்மையாகப் பயன்படுத்துவதற்கும் சட்டத்தின் 35-ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. உங்களுக்கு முன்பிருந்தே அந்தப் பெயரில் வணிகம் செய்பவருக்கு 34-ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது.

தமிழ்ப் பெயர்களில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஒரு வணிகர் ‘நெய்தல்’ என்று பெயர் வைப்பதாகக் கொள்வோம். நடுவில் ‘ஒய்’ போடுவதா, ‘ஐ’ போடுவதா? ‘த’வுக்கு ‘ஹெச்’ சேர்ப்பதா? இரண்டு வணிகர் இரண்டு விதமாக எழுதினால், இரண்டாமவர் முதலாமவரின் பெயரைத் திருடினார் என்று அதை வைத்தே சொல்லிவிட முடியாது. அகராதியில் உள்ள அழகான சொல்லை இருவரும் தனித்தனியே தேர்ந்திருக்கலாம். ‘சிஃபி’ போன்ற ஆக்கச்சொல்லாக இருந்தால் எதிராளிக்கு விளக்கம் சொல்வது கடினம். பொதுச்சொல்லாக இருந்தால் கெட்ட எண்ணத்தைக் காட்டும் சுமை முழுவதும் உங்கள் மேல் விழும்.

பெயர் வைக்கும்போதே செய்ய வேண்டியவை

ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒன்றைத் தேர்ந்து, பலகை, பில், பொட்டலம், வங்கிக் கணக்கு, உத்யம் பதிவு, கூகுள் வரைபடம் எல்லாவற்றிலும் அதையே எழுதுங்கள். ஒரே கடை மூன்று எழுத்துக்கூட்டலில் இருந்தால் எதிராளியின் வழக்கறிஞர் அதையே உங்களுக்கு எதிராகக் காட்டுவார்.

உங்கள் பெயரைப் பத்துப் பேரிடம் வாயால் சொல்லி ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். அடிக்கடி வரும் இரண்டு மூன்று வடிவங்களை டாட் காம், டாட் இன் இரண்டிலும் பதிவு செய்து, உங்கள் முதன்மைத் தளத்துக்குத் திருப்பிவிடுங்கள். ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயில் முடிகிற இந்த வேலை, பின்னால் வரும் பெருஞ்செலவைத் தடுக்கும். தமிழ் எழுத்திலேயே ‘டாட் இந்தியா’ என்ற முடிவோடும் பதிவு செய்யலாம். டாட் இன் முகவரிகளை நிர்வகிக்கும் நிக்ஸி என்ற இந்திய தேசிய இணையப் பரிமாற்றகமே அதையும் நிர்வகிக்கிறது. தமிழில் பதிவு செய்த பெயருக்கு இந்த எழுத்துக்கூட்டல் குழப்பம் பெரும்பாலும் இல்லை.

டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கைப்பேசி எண்ணில் பதிவாகியிருக்க வேண்டும். தளம் வடிவமைத்தவர் தன் பெயரில் பதிவு செய்துகொண்டால் சட்டத்தின் பார்வையில் பதிவுதாரர் அவர்தான். புதுப்பிக்கும் தேதியையும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். காலாவதியான முகவரியை எடுத்துக்கொள்ளக் காத்திருப்போர் உலகெங்கும் உண்டு.

வணிகச் சின்னத்துக்கு விண்ணப்பியுங்கள். தமிழ்நாட்டுக்கான பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. விண்ணப்பத்தை இணையவழியிலேயே தரலாம். தனிநபர், சிறு தொழில், ஸ்டார்ட்அப் என்றால் ஒரு வகைக்கு 4,500 ரூபாய் கட்டணம், மற்றவர்களுக்கு 9,000 ரூபாய். பதப்படுத்திய முந்திரிக்கு 29-ஆம் வகை, உணவகத்துக்கும் தங்கும் விடுதிக்கும் 43-ஆம் வகை, பயண ஏற்பாட்டுக்கு 39-ஆம் வகை. விண்ணப்பம் வணிகச் சின்ன இதழில் வெளியான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் யாரும் எதிர்க்கலாம். பதிவானால் பத்தாண்டுகள் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். ஆங்கில வடிவத்தோடு தமிழ் எழுத்து வடிவத்தையும் பதிவு செய்வது நம் ஊர் வணிகருக்கு மிகவும் பயன்படும்.

போலி முகவரி கண்ணில் பட்டால்

உடனே போன் போட்டுச் சண்டை பிடிக்காதீர்கள். எச்சரித்துவிட்டால் எதிராளி தளத்தை மாற்றிவிடுவார், சான்று அழிந்துவிடும்.

முதல் வேலை சான்று சேர்ப்பது. முகவரிப் பட்டையும் தேதியும் தெரியும்படி ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பதிவு விவரத் தேடலில் பதிவு நாளையும் பதிவு நிறுவனத்தின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். தவறிப் போன வாடிக்கையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, மாறிப் போன ஆர்டர் போன்றவை பொன் போன்ற சான்றுகள், பத்திரப்படுத்துங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுச் சான்றோடு சான்றிதழும் தர வேண்டும். எந்தக் கருவியில் எடுத்தது, யார் எடுத்தார் என்பதை அன்றே எழுதி வையுங்கள்.

அடுத்தது எதிராளியின் எண்ணத்தை அறிவது. உங்களுக்கோ உங்கள் போட்டியாளருக்கோ பதிவுச் செலவைவிட அதிக விலைக்கு விற்கப் பதிவு செய்தாரா? உங்கள் தொழிலைக் கெடுக்கவா? குழப்பத்தை உண்டாக்கி விளம்பர வருமானம் பார்க்கவா? இவையெல்லாம் கெட்ட எண்ணத்தின் அடையாளங்கள் என்று டொமைன் தகராறு விதிகளே சொல்கின்றன. விலைப் பேச்சு அவர் வாயிலிருந்து முதலில் வரட்டும். நீங்களாகப் போய் ‘எவ்வளவு வேண்டும்’ என்று கேட்டால் அந்தச் சான்றின் பலம் குறைந்துவிடும்.

மூன்றாவது வக்கீல் நோட்டீஸ். முகவரியை ஒப்படைக்கக் கெடு கொடுத்து அனுப்புங்கள். பல தகராறுகள் இங்கேயே முடிந்துவிடும். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அதுவும் ஒரு சான்றுதான்.

முறையிட மூன்று இடங்கள்

டாட் காம், டாட் நெட் போன்றவற்றுக்கு, உலக அளவில் டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பு 1999-இல் கொண்டுவந்த தகராறு தீர்வுக் கொள்கை பொருந்தும். ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பிடம் இணையவழியில் முறையிடலாம். ஐந்து முகவரிகள் வரை ஒரே நடுவர் விசாரித்தால் கட்டணம் 1,500 டாலர். எதிராளி பதில் தர 20 நாள் அவகாசம். மூன்றையும் நிறுவ வேண்டும்: உங்கள் சின்னத்தோடு அந்த முகவரி குழப்பம் தரும் அளவுக்கு ஒத்திருக்கிறது, எதிராளிக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, அவர் கெட்ட எண்ணத்தில் பதிவு செய்து கெட்ட எண்ணத்தில் பயன்படுத்தியும் வருகிறார். தெரிந்தே எழுத்தை மாற்றிய முகவரிகள் முதல் நிபந்தனையை எளிதில் நிறைவு செய்யும் என்பது நடுவர்களின் நீண்ட கால நிலைப்பாடு.

டாட் இன் முகவரிக்கு நிக்ஸியின் தகராறு தீர்வுக் கொள்கை பொருந்தும். 2005-இல் நடைமுறைக்கு வந்த இதில் ஒரு சாதகம் உண்டு. கெட்ட எண்ணத்தில் பதிவு செய்தார் என்றோ பயன்படுத்துகிறார் என்றோ ஏதேனும் ஒன்றைக் காட்டினாலே போதும். தனி நடுவர் விசாரித்து 60 நாளுக்குள் முடிவு தர வேண்டும், சிறப்புக் காரணம் இருந்தால் மேலும் 30 நாள் உண்டு.

இந்த இரண்டிலும் கிடைப்பது முகவரியை நீக்குவது அல்லது உங்கள் பெயருக்கு மாற்றுவது. நஷ்ட ஈடு கிடைக்காது. அமெரிக்காவில் 1999-இல் வந்த தனிச் சட்டம், ஒரு முகவரிக்கு ஆயிரம் முதல் ஒரு லட்சம் டாலர் வரை இழப்பீடு விதிக்க வழி செய்கிறது. இந்தியாவில் அப்படியொரு ஏற்பாடு இல்லை. ஆகவே நஷ்ட ஈடும் தடை உத்தரவும் வேண்டுவோர் மூன்றாவது இடமான நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

வணிகச் சின்ன வழக்கை முன்சீப் நீதிமன்றத்திலோ சார்பு நீதிமன்றத்திலோ தாக்கல் செய்ய முடியாது. மாவட்ட நீதிமன்ற நிலைக்குக் குறையாத இடத்தில்தான் தொடுக்க வேண்டும் என்று வணிகச் சின்னச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு சொல்கிறது. பதிவு பெற்ற சின்னத்துக்கு இந்தப் பிரிவு தரும் சலுகை பெரியது. எதிராளி டெல்லியில் இருந்தாலும், நீங்கள் சிதம்பரத்தில் மட்டும் தொழில் செய்பவராக இருந்தால் உங்கள் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பதிவு பெறாத சின்னத்துக்கு ‘பாஸிங் ஆஃப்’ வழக்குப் போட்டால் இந்தச் சலுகை கிடையாது. எதிராளி இருக்கும் இடத்திலோ, வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலோதான் போட வேண்டும். 4,500 ரூபாய் கட்டிப் பதிவு செய்தவர் கடலூரில் வழக்கு நடத்துவார், செய்யாதவர் ரயிலேற வேண்டிவரலாம்.

டொமைன் பெயர் தகராறு வணிக நீதிமன்றச் சட்டத்தின்கீழும் வருகிறது. அவசர இடைக்காலத் தடை கேட்காத வழக்கென்றால், முதலில் சமரச மையத்துக்குப் போவது கட்டாயம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துள்ளது. உங்கள் மாவட்டத்தில் எந்த நீதிமன்றம் வணிக வழக்குகளை விசாரிக்கிறது என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் பறித்தால் அது வேறு குற்றம்

போலி முகவரியில் உங்கள் கடைபோல வேடமிட்டு முன்பணம் வாங்கினால், அறை முன்பதிவு, பூசைக் கட்டணம் என்று பக்தரிடம் பணம் பறித்தால், அது வணிகச் சின்னத் தகராறோடு நிற்காது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பணம் இழந்தவர் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். எத்தனை விரைவாக அழைக்கிறாரோ அத்தனைக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம். உங்கள் கடைப் பலகையிலும் பில்லிலும் சரியான முகவரியை அச்சிட்டு, ‘இது ஒன்றே எங்கள் தளம்’ என்று எழுதி வையுங்கள்.

பெரிய நிறுவனத்துக்குச் சட்டப் பிரிவு இருக்கிறது. பண்ருட்டியிலும் பரங்கிப்பேட்டையிலும் கடை வைத்திருப்பவருக்கு அவருடைய பெயர் மட்டுமே முதல். அந்தப் பெயரை இரண்டு தலைமுறையாக உழைத்துச் சேர்த்திருப்பார். எழுத்துக்கூட்டலை இன்றே முடிவு செய்யுங்கள், டொமைனை உங்கள் பெயரில் வையுங்கள், வணிகச் சின்னத்துக்கு விண்ணப்பம் போடுங்கள், தேதியிட்ட சான்றுகளை ஒரே கோப்பில் சேருங்கள். இந்த நான்கையும் செய்தவருக்குத் தகராறு வந்தாலும் வழக்கு பாதி வென்ற வழக்குதான்.